ஐஸ் டான்ஸ்ல நம்ம பிள்ளைக்கு எதிர்காலம் இருக்கா? பூச்சோங் அக்காவுக்கு என் பதில்

பூச்சோங்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. மகளுக்கு 11 வயசு, தமிழ்ப்பள்ளியில 5ஆம் ஆண்டு, மூணு வருஷமா ஐஸ் ஸ்கேட்டிங் போறா, ஆறு வயசுல இருந்து பரதமும் கத்துக்குறா. ஆக்சல்னு, முன்பக்கமா தாவிச் சுத்துற ஜம்ப் ஒரு வருஷமா வரவே இல்ல, அதனால கோச் ஐஸ் டான்ஸ் பக்கம் திருப்பி விடலாம்னு சொல்லிட்டாராம். வீட்டுக்காரர் இதுல என்ன எதிர்காலம் இருக்கு, கனடாவுக்கு அனுப்புறதுக்கு நம்மகிட்ட ஏது காசுன்னு கேக்குறாராம். பரதத்த நிறுத்திடவான்னும் கேட்டிருந்தீங்க.

அக்கா, நான் கிள்ளான் பிள்ளை. பத்து வயசுல ஐஸ்ல கால் வச்சேன், சிங்கிள்ஸ், அதாவது தனியா ஆடினேன், கொஞ்ச காலம் ஐஸ் டான்ஸும் முயற்சி பண்ணேன், இப்ப பன்னெண்டு வருஷமா சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்குறேன். அதனால தெரிஞ்சத நேரா சொல்லிடுறேன். ஐஸ் டான்ஸ்ல திறமை இருக்கா இல்லையாங்கிறது ரெண்டாவது கேள்விதான். முதல் கேள்வி ஜோடி, ஏன்னா இது ஆணும் பொண்ணும் சேர்ந்து ஆடுறது. நம்ம ஊர்ல எல்லாமே அதுலதான் வந்து முட்டிக்கிட்டு நிக்கும். ஆனா அந்தக் கேள்விய இப்பவே கேக்கணுமான்னா, வேண்டாம். ஏன்னு கீழ சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

முதல்ல ஐஸ் டான்ஸ்னா என்னன்னு தெளிவா வச்சுக்குங்க, ஏன்னா நிறைய பேர் அதையும் பேர்ஸ்னு சொல்ற இன்னொரு ஜோடி ஸ்கேட்டிங்கையும் ஒண்ணா நினைச்சுக்குறாங்க. பேர்ஸ்ல ஆம்பள பொண்ண தலைக்கு மேல தூக்குவாரு, தூக்கி எறிவாரு, ரெண்டு பேரும் பெரிய ஜம்ப் பண்ணுவாங்க. ஐஸ் டான்ஸ்ல தூக்குறவரோட கை அவர் தலைக்கு மேல போகக் கூடாது, சாதாரண லிஃப்ட்னா 7 செகண்ட்தான், ஜம்ப்ல ஒரு சுத்துக்கு மேல சுத்தக் கூடாது. அப்ப மதிப்பெண் எதுக்குன்னா காலுக்கு. பிளேடோட எந்த ஓரத்துல நிக்கிறாங்க, அந்த ஓரம் எவ்வளவு ஆழமா சாயுது, பாட்டோட அடிக்குச் சரியா விழுதா, ரெண்டு பேரும் எவ்வளவு ஒட்டிப் போறாங்க, ட்விசில்னு ஒத்தக் கால்ல சுத்திக்கிட்டே நகர்ற அந்தத் திருப்பத்துல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சுத்துறாங்களா, இதெல்லாம்தான். பெரியவங்க போட்டியில ரிதம் டான்ஸ் 2 நிமிஷம் 50 செகண்ட், ஃப்ரீ டான்ஸ் 4 நிமிஷம். ரிதம் டான்ஸுக்கு ஒவ்வொரு வருஷமும் என்ன வகை இசைன்னு உலக சங்கமான ஐ.எஸ்.யூ. முடிவு பண்ணிடும், 2023-24 சீசனுக்கு எண்பதுகளோட இசை, அதுக்கு முந்தின சீசனுக்கு லத்தீன் ஆட்டங்கள்.

இப்ப உங்க பிள்ளையோட பரதம். அதை நிறுத்தவே நிறுத்தாதீங்க அக்கா, நான் கை கூப்பி சொல்றேன். ஐஸ் டான்ஸோட உயிரே முட்டியிலதான் இருக்கு. முட்டி மடங்கலன்னா ஓரம் ஆழமா வராது, ஓரம் வரலன்னா வேகம் வராது. நம்ம பிள்ளைங்க ஆறு வயசுல இருந்து அரைமண்டில உக்காந்து உக்காந்து தொடைய பலப்படுத்தி வச்சிருக்காங்க, முதுகு நேரா நிக்கும், இடுப்பு வெளிப்பக்கமா திறந்திருக்கும். மோஹாக்னு ஒரு திருப்பம் இருக்கு, முன்னால போய்க்கிட்டே கால மாத்தி பின்னால போறது, அதுக்கு அந்த இடுப்புத் திறப்புதான் வேணும். மத்த பிள்ளைங்க அதுக்கு மாசக்கணக்கா கஷ்டப்படும்போது பரதம் படிச்ச பிள்ளை ரெண்டு வாரத்துல பிடிச்சுக்குறத நான் ரிங்க்ல கண்ணால பாத்திருக்கேன். ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லிக் கொடுக்கணும். அரைமண்டில உக்காந்தா உக்காந்த இடத்துல இருப்போம், ஐஸ்ல முட்டி மூச்சு மாதிரி ஏறி இறங்கிக்கிட்டே இருக்கணும், கால தட்டவும் கூடாது.

காதாலயும் கண்டுபிடிக்கலாம். பரத டீச்சர் தட்டுக்கழிய தட்டிக்கிட்டு தலைய நிமிராமலே எந்தப் பிள்ளையோட அடி சரியா விழலன்னு சொல்லிடுவாங்கல்ல, இங்கயும் அப்படித்தான். காலையில ரிங்க் காலியா இருக்குற நேரம், ஐஸ மட்டம் பண்ற சாம்போனி வண்டி போய் ஐஸ் கண்ணாடி மாதிரி இருக்கும்போது, கைப்பிடி ஓரமா நின்னு கண்ண மூடிக்கிட்டு கேளுங்க. பிளேடு சரசரன்னு சுரண்டினா பிளேடு நுனியில இருக்குற பல் ஐஸ்ல உரசுதுன்னு அர்த்தம், இல்ல பிள்ளை தட்டையா நிக்கிறா. கனமா, துணி கிழியற மாதிரி ஒரு சத்தம் நீளமா வந்து அப்படியே அடங்குச்சுன்னா அது ஆழமான ஓரம். டச் வால்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, முன்னோக்கியே போற ரொம்ப எளிய ஆட்டம், ஆரம்பத்துல எல்லாரும் அதைத்தான் படிப்பாங்க. அந்த எளிய ஆட்டத்துல அந்தச் சத்தம் வந்துச்சுன்னா அந்தப் பிள்ளைக்கு ஐஸ் டான்ஸ் ஒத்து வரும். என் பன்னெண்டு வருஷத்துல அந்தச் சத்தத்த விட நம்பிக்கையான அடையாளம் எதையும் நான் பாத்ததில்ல.

ஆக்சல் வரல அதனால டான்ஸ்னு கோச் சொன்னது எனக்கு முழுசா ஒப்பல. ஜம்ப் வராதவங்களுக்கு ஆறுதல் பரிசா டான்ஸ கொடுத்தா பிள்ளை தான் தோத்துட்டோம்னு நினைச்சுக்கிட்டே அதுக்குள்ள வருவா. அவகிட்டயே கேளுங்க, ரிங்க்ல உனக்கு எது பண்ணும்போது நேரம் போறதே தெரியலன்னு. பாட்டு போட்டா ஆட்டோமேட்டிக்கா உடம்பு போகுதுன்னு சொன்னா சரி, இல்ல எனக்கு ஆக்சல்தான் வேணும்னு அழுதா இன்னும் ஒரு வருஷம் விடுங்க, 11 வயசுல அது ஒண்ணும் லேட் இல்ல.

சரி, ஜோடி விஷயத்துக்கு வரேன். உலகம் முழுக்கவே ஐஸ் டான்ஸ்ல பொண்ணுங்க நிறைய, பையன்கள் கம்மி. நம்ம ஊர்ல பையன் ஸ்கேட் பண்ண வந்தா பாதி பேர் ஐஸ் ஹாக்கி பக்கம் போயிடுறாங்க. நான் 16 வயசுல ஒரு ஹாக்கி பையனோட அஞ்சு மாசம் பயிற்சி எடுத்தேன். முதல் மாசம் முழுக்க கை பிடிச்சு நேரா போறது மட்டும்தான், ஏன்னா அவன் தள்ளுற நீளம் வேற, என் நீளம் வேற, ஒவ்வொரு அடியிலயும் தோள்பட்டை பிடுங்கும். மூணாவது மாசம் ஒரு நாள் காலையில ரெண்டு பேரோட பிளேடும் ஒரே சத்தமா கேட்டுச்சு, அந்த நாள் எனக்கு இன்னைக்கும் ஞாபகம் இருக்கு, வெளிய வந்து மாமாக் கடையில ரெண்டு பேரும் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கிட்டே அதைப் பத்தியேதான் பேசினோம். அஞ்சாவது மாசம் அவன் மேற்படிப்புக்கு ஆஸ்திரேலியா போயிட்டான். அவன் மேல எந்தக் குத்தமும் இல்ல, அவன் வாழ்க்கை அவனுக்கு. ஆனா அதோட என் ஐஸ் டான்ஸ் முடிஞ்சது. சிங்கிள்ஸ்ல யார் போனாலும் நீங்க ஆடலாம், இங்க ஒருத்தர் போனா ரெண்டு பேர் கதையும் நின்னு போகும்.

அப்ப வெளிநாட்டுப் பையனோட ஜோடி சேரலாமேன்னு கேப்பீங்க. சேரலாம், அதுக்குன்னே ஜோடி தேடுற வெப்சைட் இருக்கு, போய் ரெண்டு மூணு நாள் சேர்ந்து ஆடிப் பாத்து முடிவு பண்றதுதான் வழக்கம். ஐ.எஸ்.யூ. போட்டிகள்ல ஜோடியில ஒருத்தர் அந்த நாட்டுக் குடிமகனா இருந்தா போதும், உலக சாம்பியன்ஷிப் வரைக்கும் ஆடலாம். ஒலிம்பிக்னு வந்துட்டா ரெண்டு பேருக்கும் அதே நாட்டுக் குடியுரிமை வேணும். இதுல நிறைய பேர் அடிபட்டிருக்காங்க. டானித் பெல்பின் கனடா பொண்ணு, அமெரிக்காவோட பென் அகோஸ்டோ கூட ஆடினாங்க, குடியுரிமை இல்லாததால 2002 ஒலிம்பிக்குக்குப் போக முடியல, 2005 கடைசியில அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்துல வழி பண்ணி குடியுரிமை கிடைச்சு, 2006 டூரின்ல வெள்ளி ஜெயிச்சாங்க. லாரன்ஸ் ஃபூர்னியே பொட்ரியும் நிகோலாய் சோரன்சனும் டென்மார்க்குக்கு ஆடினாங்க, லாரன்ஸுக்கு டென்மார்க் குடியுரிமை கிடைக்காம 2018 ஒலிம்பிக் போச்சு. கொரியா வேற மாதிரி பண்ணுச்சு, அலெக்ஸாண்டர் கேமலின்னு ஒரு அமெரிக்கருக்கு குடியுரிமை கொடுத்து யூரா மின் கூட 2018ல சொந்த ஊர் ஒலிம்பிக்ல ஆட வச்சாங்க.

நம்ம நாட்டுல இது இன்னும் சிக்கல். மலேசியாவுல இரட்டைக் குடியுரிமை கிடையாது. வர்ற பையன் தன் பாஸ்போர்ட்ட விட்டுட்டு மலேசியக் குடிமகன் ஆகணும், இல்ல உங்க பிள்ளை மலேசியக் குடியுரிமைய விடணும். ரெண்டுமே ஒரு பிள்ளையோட விளையாட்டுக்காக எடுக்குற சின்ன முடிவு இல்ல. அதனால ஒலிம்பிக் ஐஸ் டான்ஸ்னு கனவு கண்டா மலேசியப் பையனா தேடுறதுதான் நேர் வழி, அதுக்கு ரிங்க்ல இப்ப இருக்குற பையன்களுக்கு டான்ஸ் மேல ஆசை வர வைக்கணும், அது உங்க ஒருத்தரால ஆகுற காரியமில்ல, கோச்சுங்க எல்லாரும் சேர்ந்து செய்ய வேண்டியது, நானும் செய்யணும். கனடா 2022ல உள்நாட்டுப் போட்டிகள்ல ரெண்டு பொண்ணுங்களே ஜோடியா ஆடலாம்னு விதிய மாத்திடுச்சு. ஒலிம்பிக்ல அது இன்னும் இல்ல, ஆனா கத்துக்குறதுக்கு ரெண்டு பொண்ணுங்க சேர்ந்து ஆடுறது அருமையான வழி, என் வகுப்புல நான் அப்படித்தான் பண்றேன். அமெரிக்காவுல தனியாளா ஆடுற சோலோ டான்ஸ் போட்டிங்களும் நடக்குது.

வயசுக் கணக்க பாப்போம், இங்கதான் உங்களுக்கு நல்ல சேதி. ஜூனியர் சர்வதேசப் போட்டிக்கு ஜூலை 1க்குள்ள 13 வயசு முடிஞ்சிருக்கணும். சீனியருக்கு முன்னாடி 15 போதும், 2022ல ஐ.எஸ்.யூ. அதை மாத்தி படிப்படியா 17 ஆக்கிடுச்சு. உங்க பிள்ளைக்கு 17ங்கிறது எஸ்.பி.எம். எழுதுற வருஷம். அதாவது படிவம் 5 வர்ற வரைக்கும் யாரும் உங்கள சீனியருக்கு அவசரப்படுத்த முடியாது.

அதுவும் ஐஸ் டான்ஸ்ல ஆளுங்க மெதுவாத்தான் பழுக்குறாங்க. அமெரிக்காவோட மேடிசன் சாக், இவன் பேட்ஸ் ஜோடிய எடுத்துக்குங்க. பேட்ஸ் 2008ல வேற ஜோடியோட ஜூனியர் உலக சாம்பியன், சாக் 2009ல வேற ஜோடியோட ஜூனியர் உலக சாம்பியன். ரெண்டு பேரும் அந்தப் பழைய ஜோடிகள விட்டுட்டு 2011ல சேர்ந்தாங்க. முதல் சீனியர் உலகப் பட்டம் எப்பன்னா 2023ல! பன்னெண்டு வருஷம் அக்கா. அப்புறம் 2024, 2025ன்னு வரிசையா ஜெயிச்சாங்க, 2025ல சாக்குக்கு 32 வயசு, பேட்ஸுக்கு 36. ஜப்பானோட டைசுகே தகாஹாஷி 2010 ஒலிம்பிக்ல சிங்கிள்ஸ் வெண்கலம் வாங்கினவரு, முப்பது வயசத் தாண்டி ஐஸ் டான்ஸுக்கு மாறி, கானா முராமோட்டோ கூட 2022ல ஃபோர் காண்டினென்ட்ஸ்ங்கிற சர்வதேசப் போட்டியில வெள்ளி வாங்கினாரு. கனடாவோட டெஸ்ஸா வெர்ச்சூவும் ஸ்காட் மோயரும் 1997ல ஏழு வயசுலயும் ஒம்பது வயசுலயும் ஜோடி சேர்ந்தாங்க, 2010லயும் 2018லயும் ஒலிம்பிக் தங்கம், அதுவும் உண்மைதான். ஆனா அந்தக் கதைய மட்டும் பாத்துட்டு 11 வயசுல ஜோடி இல்லையேன்னு பயப்படாதீங்க. அந்தக் கதையிலயே இன்னொரு பக்கம் இருக்கு, டெஸ்ஸாவுக்கு ரெண்டு கால் கெண்டையிலயும் வலி வந்து 2008லயும் 2010லயும் ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. பிள்ளை முட்டிக்குக் கீழ வலிக்குதுன்னு சொன்னா சும்மா தைலம் தேய்ச்சு விட்டுடாம டாக்டர்கிட்ட காட்டுங்க.

உங்க வீட்டுக்காரர் கேட்டதுல நியாயம் இருக்கு. செலவு பெத்தவங்க தலையிலதான் விழும். பூட்ஸும் பிளேடும் சேர்ந்தா ஆயிரக்கணக்குல வெள்ளி, வளர்ற பிள்ளைக்கு அது சீக்கிரமே பத்தாம போயிடும். டான்ஸ் பிளேடு தனி, பின்பக்கம் குட்டையா இருக்கும், ஒட்டி ஆடும்போது ஒருத்தர் பிளேட ஒருத்தர் மிதிக்காம இருக்க. ஆனா அதை இப்ப வாங்காதீங்க, இருக்குற பிளேட நல்லா தீட்டி வச்சாலே டச் வால்ட்ஸ், கனாஸ்டா டாங்கோ எல்லாம் பழகலாம். பெரிய செலவு எதுன்னா ஐஸ் நேரம். டச் வால்ட்ஸ் மாதிரி தடம் குறிச்சு ஆடுற பாட்டர்ன் டான்ஸுக்கு முழு ரிங்க்கும் வேணும், சன்வே பிரமிட்லயோ புத்ராஜெயா பக்கம் ஐ.ஓ.ஐ. சிட்டி மால்லயோ சனி ஞாயிறு மத்தியானம் பப்ளிக் செஷன்ல கூட்டத்துக்கு நடுவுல அதைப் பண்ண முடியாது. அதனாலதான் நாங்க எல்லாம் மால் திறக்குறதுக்கு முன்னாடி, இருட்டுலயே காடிய எடுத்துக்கிட்டு, பிள்ளைங்களுக்கு பசியாற நாசி லெமாக் தாப்பாவ் பண்ணிக்கிட்டு போறோம். வேலைக்குப் போற அப்பா அம்மாவுக்கு இது லேசு இல்ல, அத மறைச்சு உங்ககிட்ட பேச எனக்கு மனசு வரல.

ஆனா ஒண்ணு அவர்கிட்ட சொல்லுங்க. ஜூலியன் யீ இதே சன்வே பிரமிட்ல நாலு வயசுல ஆரம்பிச்ச பையன். 2017 சீ விளையாட்டுல டாமன்சாரா பெர்டானா ரிங்க்ல தங்கம் வாங்கி, 2018 பியோங்சாங் ஒலிம்பிக்ல மலேசியாவுக்கு முதல் ஃபிகர் ஸ்கேட்டரா போனாரு. வெயில் நாட்டுப் பிள்ளையால முடியாதுங்கிற பேச்ச அவர் முடிச்சு வச்சுட்டாரு. கடைசிக் கட்டத்துல அவர் கனடா போய் பயிற்சி எடுத்தாரு, ஆனா அடித்தளம் இங்கதான் போட்டது. பிரிட்டனோட டார்வில், டீன் ஜோடியையும் சொல்லுங்க. 1984 சராயேவோல எல்லா நடுவர்களும் கலைக்கு முழுசா 6.0 கொடுத்தாங்களே அந்த ஜோடி. டார்வில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கிளார்க், டீன் போலீஸ்காரர். முதல்ல வேலை பாத்துக்கிட்டேதான் பயிற்சி எடுத்தாங்க, முழுநேரமா பயிற்சி எடுக்க நாட்டிங்காம் நகராட்சி உதவித்தொகை கொடுத்துச்சு.

எதிர்காலம்னா பதக்கம் மட்டும்னு எடுத்துக்கவும் வேண்டாம். ஐஸ் டான்ஸ் படிச்சவங்க கால் வேலை நல்லா தெரிஞ்ச கோச்சா ஆகுறாங்க, சிங்கிள்ஸ் ஆடுறவங்களுக்கே ஸ்டெப் சீக்வென்ஸ்ங்கிற கால் அடிக் கோவை சொல்லிக் கொடுக்க அவங்களத்தான் தேடுவாங்க. நடன அமைப்பு பண்ணலாம். போட்டியில எந்த அசைவுக்கு எந்த லெவல்னு பாக்குற டெக்னிகல் ஸ்பெஷலிஸ்ட் ஆகலாம். ஷோ இருக்கு, கப்பல்ல கூட ரிங்க் இருக்கு, 1999ல வந்த வாயேஜர் ஆஃப் தி சீஸ்தான் ரிங்க் வச்ச முதல் உல்லாசக் கப்பல். இதுல பெரிய பணக்காரி ஆகிடுவான்னு நான் சொல்ல மாட்டேன். எஸ்.பி.எம். நல்லா எழுதிட்டு, ஒரு படிப்பையும் கையில வச்சுக்கிட்டு இதையும் செய்யலாம், அந்த மாதிரி வாழ்றவங்கள எனக்கே தெரியும், நானும் அப்படித்தான்.

கனடாவுக்கு இப்ப அனுப்பாதீங்க. மான்ட்ரியால்ல மேரி-பிரான்ஸ் டுப்ரே, பாட்ரிஸ் லாசோன் நடத்துற பள்ளிதான் இன்னைக்கு ஐஸ் டான்ஸுக்கு பெரிய இடம், ஆனா 11 வயசுப் பிள்ளைய ஜோடி இல்லாம அங்க அனுப்பி என்ன செய்யப் போறோம்? 13, 14 வயசுல கால் நல்லா வந்துச்சுன்னா ஒரு பள்ளி விடுமுறைக்கு ரெண்டு வாரம் எங்கயாவது கேம்ப் அனுப்பிப் பாக்கலாம். அதுவரைக்கும் வாரத்துல ரெண்டு காலை டான்ஸ், ஒரு நாள் ஜம்ப், பரதம் வழக்கம் போல.

பரதம்னதும் ஒரு வீடியோ ஞாபகம் வருது. 2010 வான்கூவர் ஒலிம்பிக்ல ஒரு சுற்றுக்கு நாட்டுப்புற ஆட்டம்தான் தலைப்பு, மெரில் டேவிஸ், சார்லி வைட்னு அமெரிக்க ஜோடி இந்திப் பாட்டுக்கு ஆடினாங்க. இந்திய நடனம் தெரிஞ்ச டீச்சர்கிட்ட தனியா போய் கத்துக்கிட்டு வந்து ஆடினாங்க, வெள்ளி வாங்கினாங்க. அவங்க கை முத்திரைய, கண்ண, கழுத்த எவ்வளவு கஷ்டப்பட்டு பழகியிருக்காங்கன்னு பாருங்க. உங்க மகள பக்கத்துல உக்கார வச்சுப் போட்டுக் காட்டுங்க, எந்தக் கை சரியா பிடிச்சிருக்காங்க, எது கொஞ்சம் தப்புன்னு அவளே சொல்லுவா. என் வகுப்புல ஒரு பிள்ளை அப்படித்தான், வீடியோவ நிறுத்தி நிறுத்தி, டீச்சர் இந்த இடத்துல அலபத்மம் இன்னும் விரியணும்னு எனக்கே பாடம் எடுத்தா. அடுத்த நாள் காலையில ஐஸ்ல அதே கைய வச்சுக்கிட்டு டச் வால்ட்ஸ் போனா, முதல் வளைவுலயே அந்தக் கனமான சத்தம் கேட்டுச்சு.